ஆதிக்கம் என்றொரு நல்ல சொல்

பெண்ணியம் பேசும் புத்தகங்களில் 'ஆதிக்கம்' என்ற சொல் நல்ல அர்த்தத்தில் வருவதே இல்லை. ஆணாதிக்கம், சாதி ஆதிக்கம், மத ஆதிக்கம் என்று எதோடு சேர்ந்து வந்தாலும் அது ஒரு குற்றச்சாட்டு. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினால் அதே சொல் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருக்கும். 'முதல் நாளில் இந்தியா ஆதிக்கம்', 'இறுதிவரை ஆதிக்கம் செலுத்திய சாம்பியன்' என்று. முன்பக்கத்தில் நாம் எதிர்த்துக் கோஷம் போடும் ஒன்றுக்கு விளையாட்டுப் பக்கத்தில் கைதட்டுகிறோம்.

இரண்டு பக்கங்களையும் விடாமல் படிக்கிறவள் நான். கோயம்புத்தூர்க்காரி. தடகளப் போட்டி எங்கே நடந்தாலும் தேடிப் பார்க்கிற ரசிகை. ஒரு பெண் மற்ற ஏழு பேரையும் பத்து மீட்டர் பின்னால் விட்டுவிட்டு எல்லைக்கோட்டைத் தாண்டும்போது எனக்குள் எழும் கொண்டாட்டம், எந்த ஆதிக்கமும் கூடாது என்று சொல்லும் என் அரசியலோடு எப்படி ஒத்துப்போகிறது? 2026 தடகளப் பருவம் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் இதைக் கொஞ்சம் பேசிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில், இதையெல்லாம் பேசும் இடத்தைப் பற்றி. மற்ற ஊர்களில் டீக்கடை என்றால் எங்கள் ஊரில் பேக்கரி. ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் தேங்காய் பன்னும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பேசலாம். கோவை கிங்ஸ் 2023இல் டி.என்.பி.எல். கோப்பையைத் தூக்கியது, சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனின் யார்க்கர், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் என்று பேச்சு ஓடும். எனக்கும் பிடித்த பேச்சுதான். ஆனால் அந்தப் பெஞ்சில் பெண்கள் உட்காருவதில்லை. பார்சல் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். மீறி வாய் திறந்தால் உடனே ஒரு பரீட்சை வைப்பார்கள். "எல்.பி.டபிள்யூன்னா என்னங்க அம்மணி, சொல்லுங்க பாக்கலாம்?" அதில் தேறிவிட்டால் அடுத்தது, "வீட்டுல அண்ணன் தம்பி வெளையாடுவாங்களாட்ட இருக்குதுங்க." பெண்ணுக்கு விளையாட்டு தெரிந்திருந்தால் அது யாரோ ஓர் ஆணிடமிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

விளையாட்டை நுணுக்கமாகப் பேசத் தெரியாத மண் அல்ல இது. பொள்ளாச்சி, உடுமலை பக்கம் ரேக்ளா பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் அளந்து, நொடிக்கணக்கு வைத்து மாடுகளை ஓட்டுவார்கள். எந்த ஜோடி எத்தனை நொடி, எந்தக் காளை கிளம்பும்போது இழுக்கும், எது கடைசியில் தளரும் என்று மணிக்கணக்கில் அலசுவார்கள். அந்தக் காளை எவ்வளவு கஷ்டப்பட்டு வளர்ந்தது என்று யாரும் கண்ணீர் விடுவதில்லை. அதன் ஓட்டத்தைத்தான் பேசுகிறார்கள். காங்கேயம் காளைக்குக் கிடைக்கும் இந்த மரியாதையை கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்திக்குக் கேட்கிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

வித்யா ராம்ராஜ். 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். இரட்டைச் சகோதரி நித்யா ராம்ராஜ் 100 மீட்டர் தடை ஓட்டக்காரர். இருவரும் எங்கள் ஊர். 2023 செப்டம்பரில் சண்டிகரில் வித்யா 55.43 நொடியில் ஓடினார். அக்டோபர் 2ஆம் தேதி, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் தகுதிச் சுற்றில் 55.42. அது 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பி.டி. உஷா ஓடிய அதே நேரம். 39 ஆண்டுகளாக எந்த இந்தியப் பெண்ணும் எட்டாத தேசிய சாதனை. அன்று மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41. நொடியில் நூறில் ஒரு பங்கில் உஷா பதக்கத்தைத் தவறவிட்டது எல்லோருக்கும் தெரியும். அந்த ஓட்டம் பெண்களுக்காக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த ஆண்டில்தான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆண்களுக்கு 1900லேயே இருந்தது. பெண்கள் 84 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் தங்கத்தை வாங்கியவர் மொராக்கோவின் நவால் எல் முதவக்கில்.

இப்படிப்பட்ட ஒரு சாதனையைத் தொட்டவரைப் பற்றி எப்படியெல்லாம் எழுதினார்கள்? நான் படித்தவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. அப்பா ஓட்டிய வண்டி, அம்மா பட்ட பாடு, வறுமை, கண்ணீர். தலைப்பில் தவறாமல் 'தடைகளைத் தாண்டிய தங்க மங்கை'. அவர் வென்றது வெண்கலமாக இருந்தாலும் மங்கை மட்டும் தங்கம்தான்! ஒரு பெண் தடை ஓட்டக்காரியாக இருந்துவிட்டால் எழுதுகிறவர்களுக்கு வேலை மிச்சம். உவமை தானாக வந்து விழுந்துவிடுகிறது.

குடும்பத்தின் உழைப்பைச் சொல்லக் கூடாது என்பதல்ல. அது உண்மை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அந்தப் பெண் செய்த வேலை எங்கே போனது? பும்ராவைப் பற்றி எழுதும்போது மணிக்கட்டைப் பற்றி எழுதுகிறோம். எந்தக் கோணத்தில் பந்து வெளியேறுகிறது என்று படம் போட்டுக் காட்டுகிறோம். வித்யாவின் ஓட்டத்தை யார் படம் போட்டுக் காட்டினார்கள்?

எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். பெண்களுக்கான தடையின் உயரம் 76.2 செ.மீ. மொத்தம் 10 தடைகள். புறப்படும் இடத்திலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர். தடைகளுக்கு நடுவே 35 மீட்டர். கடைசித் தடையிலிருந்து எல்லைக்கு 40 மீட்டர். இந்த 35 மீட்டரை எத்தனை காலடியில் கடக்கிறாய் என்பதுதான் இந்த ஓட்டத்தின் சூட்சுமம். ஒற்றைப்படையில், 15 என்று வைத்தால், ஒவ்வொரு தடைக்கும் ஒரே கால் முன்னால் போகும். 14 என்று இரட்டைப்படையில் வைத்தால் ஒரு தடைக்கு இடது கால், அடுத்த தடைக்கு வலது கால். இரண்டு காலாலும் ஒரே மாதிரி தாண்டத் தெரிந்திருக்க வேண்டும். களைப்பு ஏறும்போது காலடி சுருங்கும். 14இல் ஆரம்பித்தவர் 15க்கோ, 15இல் ஆரம்பித்தவர் 16க்கோ, 17க்கோ மாற வேண்டி வரும். எந்தத் தடையில் மாறுகிறார், மாறும் இடத்தில் எவ்வளவு நேரம் நழுவுகிறது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. இதைக் கண்ணால் எண்ணலாம். ரேக்ளா பார்க்கிற கண் இருந்தால் போதும். ஒருமுறை எண்ணிப் பழகிவிட்டால் பிறகு 'மங்கை' எல்லாம் மறந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. பாராட்டை மட்டும் வாரி வழங்கி விமர்சனத்தைத் தராமல் இருப்பதும் ஒரு வகையில் அவமதிப்புதான். 'பாவம், இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தம். நான் எதிர்பார்க்கிறேன். அதனால் விமர்சிக்கவும் செய்கிறேன்.

ஹாங்சோவின் மூன்று நாட்களைப் பாருங்கள். அக்டோபர் 2 தடை ஓட்டத் தகுதிச் சுற்று, 55.42. அன்றே ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்டம், வெள்ளி. அடுத்த நாள் தடை ஓட்ட இறுதி, 55.68, வெண்கலம். 4ஆம் தேதி பெண்கள் 4x400 தொடர் ஓட்டம், வெள்ளி. மூன்று நாட்களில் நான்கு ஓட்டம், மூன்று பதக்கம். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தகுதிச் சுற்றைவிட இறுதிச் சுற்றில் நேரம் கூடியிருக்கிறதே? அன்று தங்கம் வென்ற பஹ்ரைன் வீராங்கனையின் நேரம் 54.45. வெள்ளி வென்ற சீன வீராங்கனைக்கு 55.01. நடுவில் ஒரு தொடர் ஓட்டம் இல்லாமல், ஓய்வெடுத்த கால்களோடு வந்திருந்தால்கூட தங்கம் கிடைத்திருக்காது. வெள்ளிக்காவது ஒரு சண்டை போட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவரைத் தொடர் ஓட்டத்தில்தான் பார்த்தோம், தடை ஓட்டத்தில் அல்ல. 2025இல் தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் தடை ஓட்டத்தில் மறுபடி வெண்கலம், நேரம் 56.46. சொந்தச் சாதனையைவிட ஒரு நொடிக்கு மேல் பின்னால். பதக்கம் வந்துவிட்டது என்பதற்காக இதைச் சொல்லாமல் விடக் கூடாது. பலபேர் பங்கு போட்டுக்கொள்ளும் தொடர் ஓட்டப் பதக்கத்துக்காக ஒரு பெண்ணின் தனி ஓட்டம் தேய்கிறதா என்று கேட்க வேண்டும். நம் வீடுகளில் இது புதிதா என்ன? எல்லோர் தட்டிலும் சோறு விழுந்த பிறகு மிச்சமிருப்பதைத்தானே அவள் சாப்பிடுகிறாள்.

இனி, ஆதிக்கம்.

ஆண்களின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் எட்வின் மோசஸ் என்றொருவர் இருந்தார். 1977 முதல் 1987 வரை தொடர்ந்து 122 ஓட்டங்களில் தோற்கவே இல்லை. உலகம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. அதே ஓட்டத்தில், நம் காலத்தில், அமெரிக்காவின் சிட்னி மெக்லாஃப்லின்-லெவ்ரோன் உலக சாதனையை ஆறு முறை உடைத்தார். கடைசியாக 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50.37. எல்லோரும் 53, 52 என்று திணறிக்கொண்டிருந்த ஓட்டத்தை 50க்குக் கொண்டுவந்தார். பிறகு 2025இல் தடைகளை ஓரமாக வைத்துவிட்டு வெறும் 400 மீட்டரில் இறங்கி, டோக்கியோ உலகப் போட்டியில் 47.78 நொடியில் தங்கம் வென்றார். வரலாற்றில் அதைவிட வேகமாக ஓடிய ஒரே பெண் 1985இல் 47.60 ஓடிய கிழக்கு ஜெர்மனியின் மரிட்டா கோச்.

இவரைப் பற்றி நான் கேட்கும் புலம்பல், "யார் ஜெயிப்பான்னு முன்னாடியே தெரியுது, போர் அடிக்குதுங்க." உசேன் போல்ட் ஓடியபோதும் முன்னாடியே தெரியும். அப்போது யாருக்கும் போர் அடிக்கவில்லை. ஆண் ஜெயித்துக்கொண்டே இருந்தால் அது ஒரு யுகம். பெண் ஜெயித்துக்கொண்டே இருந்தால் மற்ற பெண்கள் சரியில்லை!

போர் அடிக்கிறது என்பதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த படி சந்தேகம். மைக்கேல் ஃபெல்ப்ஸின் கைகளின் விரிவு அவர் உயரத்தைவிட அதிகம் என்பதை இயற்கையின் வரம் என்று சிலாகித்தோம். ஓர் ஆணின் உடல் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் அது வரம். பெண்ணின் உடல் அப்படி இருந்தால் அது விசாரணைக்குரிய விஷயம். நமக்கு இதைச் சொல்ல வெளிநாட்டு உதாரணம் தேவையே இல்லை. 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜனின் பதக்கம் பாலினச் சோதனைக்குப் பிறகு பறிக்கப்பட்டது. அந்தச் சோதனை முடிவு அவருடைய அந்தரங்கமாக இருக்கவில்லை. ஊருக்கே செய்தியானது. தென்னாப்பிரிக்காவின் கேஸ்டர் செமன்யா தன் உடலுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது.

ஆனால் அதே 2025 செப்டம்பர் 1 முதல் உலக தடகள அமைப்பின் புதிய விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு இருக்கிறதா என்று வாழ்நாளில் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் பிரிவில் ஓட எந்தச் சோதனையும் இல்லை. போட்டி நியாயமாக இருக்க வேண்டும் என்ற கவலை எனக்கும் உண்டு. அந்தக் கவலையின் பாரம் முழுவதையும் பெண்களின் உடல்மீது மட்டும் ஏற்றுவது ஏன் என்பதுதான் என் கேள்வி. முழுக்க இந்த விதியின் கீழ் நடக்கப்போகும் முதல் பருவம் 2026. இனி ஒவ்வொரு பெண்ணும் கோட்டில் வந்து நிற்பதற்கு முன்பே தான் பெண்தான் என்று காகிதத்தில் காட்டியிருக்க வேண்டும்.

அப்படியானால் ஆதிக்கம் செலுத்தும் பெண்களெல்லாம் நம் பக்கமா? இல்லை. இங்கே உஷாவிடம் திரும்ப வர வேண்டும். 1985 ஜகார்த்தா ஆசிய தடகளப் போட்டியில் ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. ஓர் இந்தியர் ஆசியக் களத்தில் அப்படி ஆதிக்கம் செலுத்தி நான் அறிந்ததில்லை. அதே உஷா 2022 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவரானார். 2023 ஏப்ரலில், மல்யுத்த சம்மேளனத் தலைவர்மீது பாலியல் அத்துமீறல் புகார் சொல்லி டெல்லி ஜந்தர் மந்தரில் மல்யுத்த வீராங்கனைகள் உட்கார்ந்திருந்தபோது, தெருவுக்கு வந்தது ஒழுங்கீனம் என்று பேசினார். எதிர்ப்பு கிளம்பிய பிறகு நேரில் போய்ப் பார்த்தார் என்பதும் உண்மை. ஆனால் முதலில் வந்த சொல் 'ஒழுங்கு'தான். பொம்பளைப் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொல்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த இரண்டு ஆதிக்கங்களும் பிரிந்து தெரிகின்றன. ஓடுதளத்தில் உஷாவுக்கு இருந்த ஆதிக்கத்துக்கு ஒரு புறப்பாட்டுக் கோடும் ஒரு முடிவுக் கோடும் இருந்தன. எட்டுப் பேருக்கும் ஒரே தூரம், ஒரே உயரத் தடை. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நாளைக்கு மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். தோற்றவள் யாருக்கும் அடிமையாகிவிடுவதில்லை. அடுத்த வாரம் வந்து ஜெயிக்கலாம். நாற்காலியின் ஆதிக்கத்துக்கும், குடும்பத்தின், சாதியின் ஆதிக்கத்துக்கும் இப்படி ஒரு கோடு கிடையாது, கடிகாரமும் கிடையாது. அங்கே எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுவதும் இல்லை.

ஓடுதளமும் அவ்வளவு சமமானதல்ல என்று தோழிகள் சொல்லக்கூடும். சாப்பாடு, ஷூ, பயிற்சியாளர், மைதானம், வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் எல்லாம் கோட்டுக்கு முன்னாலேயே ஓடிவிடுகின்றன. ஒப்புக்கொள்கிறேன். சமத்துவத்துக்கான சண்டை அங்கே நடக்க வேண்டும். அந்தச் சண்டையின் பேரில், கோட்டுக்குப் பின் நடக்கும் அபாரமான வேலையை ரசிக்காமல் இருக்க என்னால் முடியாது. ஓடுதளத்து ஆதிக்கம் பின்னால் வருகிறவர்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. சிட்னி முன்னால் ஓடியதால்தான் நெதர்லாந்தின் ஃபெம்கே போல் 2024இல் 50.95 ஓடினார் என்று நம்புகிறேன். உஷாவின் 55.42 அங்கே நின்றுகொண்டிருந்ததால்தான் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்திக்கு எட்டிப் பிடிக்க ஓர் எண் இருந்தது. வீட்டு ஆதிக்கம் இப்படி யாரையாவது வேகமாக ஓட வைத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இனி வரும் பருவத்துக்கு வருவோம். 2025 உலகப் போட்டியில் தடை ஓட்டத் தங்கத்தை வென்ற போல், இனி 800 மீட்டர் ஓடப்போவதாக அறிவித்துவிட்டார். இந்த ஓட்டத்தில் பல ஆண்டுகளுக்குப் பிறகு ராணி இல்லாத நாற்காலி. ஜூலை 23 முதல் கிளாஸ்கோவில் காமன்வெல்த் போட்டி. செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. என் பட்டியலில் நகோயாதான் முதலில்.

அங்கே தடை ஓட்டத்தில் வித்யா இறங்குவார் என்று எதிர்பார்க்கிறேன். 55.42இலிருந்து 55.00க்கு வர வேண்டிய தூரம் 0.42 நொடி. பத்துத் தடைக்குப் பங்கு போட்டால் தடைக்கு 0.04 நொடி. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணிடம் கேளுங்கள். ஒரு பீஸுக்கு ஒரு நொடி மிச்சமானால் சாயங்காலம் என்ன ஆகும் என்று அவள் சொல்வாள். நாம் போட்டுக்கொண்டு கத்துகிற டீ-சர்ட்டில் பல அவள் கையைத் தாண்டி வந்தவைதான். நொடிக் கணக்கு புரியாதவர்கள் அல்ல எங்கள் ஊர்ப் பெண்கள்.

பார்ப்பதற்குத்தான் நேரம் இல்லை. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 9 மணிக்குத் தகுதிச் சுற்று என்றால் இங்கே ஐந்தரை மணி. அடுப்பில் பால், பக்கத்தில் டிபன் பாக்ஸ். அங்கே இரவு 7 மணிக்கு இறுதி என்றால் இங்கே மாலை மூன்றரை. கம்பெனியில் ஷிப்ட் முடிந்திருக்காது. ரசிகையாக இருப்பதற்கும் ஓய்வு நேரம் வேண்டும், ரிமோட் வேண்டும். இரண்டும் நம் கையில் இல்லை. அன்று ஒரு நாள் பாலை வேறு யாராவது காய்ச்சட்டும்.

என் கருத்து இதுதான். 55.42 இந்தப் பருவத்தில் போய்விட வேண்டும். நாற்பது ஆண்டுகளைத் தாண்டி ஓர் எண் அப்படியே நிற்பது உஷாவுக்குப் பெருமை, மற்ற எல்லோருக்கும் வெட்கம். உடைக்கப்போவது வித்யாவாக இருந்தால் எனக்கு இரட்டைச் சந்தோஷம். வேறு யாராவது உடைத்தாலும் எழுந்து நின்று கைதட்டுவேன். நகோயாவில் அவரை எத்தனை தொடர் ஓட்டங்களில் ஓடவைக்கிறார்கள், எந்த நாளில் என்று நான் கணக்கு எழுதி வைக்கப்போகிறேன். நீங்களும் எழுதுங்கள். முடிந்தால் எட்டாவது தடைக்கும் ஒன்பதாவது தடைக்கும் நடுவே காலடிகளை எண்ணுங்கள். மறுநாள் பேக்கரிக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, அந்த எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லுங்கள்.